பெரியப்பா அடைத்த குழாய்

எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. வெள்ளத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் அவருக்குத் தெரிந்ததில் அடக்கம்.

அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போனபின் அவருடைய மோட்டார் சைக்கிளை அம்மாதான் ஓட்டினார். நாவற்குடாவிலிருந்து பழுகாமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக வேறு வழியில்லை. பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரலாம். சாறியைச் சொருகிக்கொண்டு அவர் போகிற அழகைப் பார்க்க எனக்குப் பெருமை. பெரியப்பாவுக்கு வயிற்றெரிச்சல்.

மார்கழி மழையில் பள்ளிக்கூடம் இருக்கும் படுவான்கரைப் பக்கத்து வீதியெல்லாம் தண்ணீர். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று சொல்லி, அதிலிருந்து கீழே தொங்கும் சின்ன ரப்பர் குழாயின் வாயில் பெரியப்பா ஒரு சீலைத்துண்டைத் திணித்து இறுக்கினார். வெள்ளம் வந்தால் எங்கள் பக்கத்தில் பலரும் செய்கிற கைவைத்தியம்தான். வெள்ளம் வடிந்தது, சீலையை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. சில நாளில் எஞ்சினின் பொருத்துகளில் எல்லாம் எண்ணெய் கசிந்தது. பொம்பிளை ஓட்டினால் எஞ்சின் இப்படித்தான் போகும், விற்பதே புத்தி என்று தீர்ப்புச் சொன்ன பெரியப்பா, மறுநாளே அதை வாங்குவதற்கு ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி நானாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா திறப்பைக் கொடுக்கவில்லை. தானே அதைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் பார்க்கும் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றடித்து எண்ணெய் அவருடைய சாறியில் தெறித்தது. குனிந்து குழாயைப் பார்த்தவர் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"அத்தான், இது எஞ்சின் மூச்சு விடுற குழாய். இத அடைச்சா உள்ளுக்க முட்டுற காத்து எண்ணெயத் தள்ளத்தானே செய்யும்? நீங்க வெச்ச சீலைய நீங்களே எடுங்க."

பெரியப்பா குனிந்து எடுத்தார். எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டபோது கசிவு நின்றிருந்தது. நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

"ஓம், நல்லதுக்குத்தான். நாளைக்கும் நான் இதிலதான் போவன்."

அன்று பின்னேரம் அம்மா கட்டாருக்குப் போன் எடுத்தார். மோட்டார் சைக்கிளுக்கு ஒன்றுமில்லை, விற்கப்போவதும் இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பேசவிடவில்லை. பெரியப்பா மேலிருந்த கோபத்தை ஒரு பாவமும் அறியாத அப்பாவிடம் காட்டுகிறாரே என்று நான் அழுதேன். விற்கச் சொல்லிப் பெரியப்பாவை அனுப்பியதே அப்பாதான் என்று எனக்கு அப்போது தெரியாது.