ஜாடியில் போட்ட சர்க்கரை

எனக்கு எதுவும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்பதுகளில் சர்க்கரை ஆலையில் சோதனைக்கூட உதவியாளனாக இருந்தேன். நேற்றுப் போன மூட்டையும் இன்று போகிற மூட்டையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு என் மனைவி வீட்டிலேயே ஒயின் போடுவாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டத்தில் கருப்புத் திராட்சை வாங்கி, பீங்கான் ஜாடியில் பிசைந்து, சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு, பழைய வேட்டித் துணியால் வாய் கட்டுவாள். நாற்பது நாள் கழித்துத்தான் வடிப்பாள். ஒரு வருஷம் துவர்க்கும், ஒரு வருஷம் கிராம்பு தூக்கலாக இருக்கும். “அளவை எழுதி வைத்தால் என்ன?” என்று நச்சரிப்பேன். சிரித்துவிட்டுப் போவாள்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒயின் புளித்துப்போனது. விருந்துக்கு வந்த ஆலைக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

“என்ன இது, காடியாட்டம் இருக்குது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“மழ திராச்சயக் கெடுத்துருச்சுங்க” என்றாள். பிறகு மெதுவாக, “எங்கம்மா தவறிப்போன வருசமுங்க இது. ஒயின் மட்டும் பொய் சொல்லணுங்களா?”

அவளுடைய அம்மா செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. பெரிய அறிவாளி நான்!

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு வேலை செய்தேன். வடிக்க நாலு நாள் இருக்கும்போது, அவள் காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, துணியை அவிழ்த்து ஜாடியில் சர்க்கரையைக் கொட்டினேன். நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொட்டினேன். வருஷா வருஷம் ஒரே தித்திப்பு. வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். அவள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்போது அவள் இல்லை. டிசம்பர் வந்தால் அவள் கூடவே இருந்த அந்த வருஷங்களை ஒவ்வொன்றாக நினைத்துப்பார்க்க ஆசையாக இருக்கிறது. முடியவில்லை. எல்லாம் ஒரே இனிப்பாகக் கலந்து கிடக்கின்றன. எந்த வருஷம் சந்தோஷமாக இருந்தாள், எந்த வருஷம் அழுதாள், தெரியவில்லை. அந்தப் புளித்த ஒயின் மட்டும் இன்னும் நாக்கில் நிற்கிறது. அந்த ஒரு வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.