தலைகீழாகத் தொங்கிய ஜாடிகள்

நேட்கோ வீட்டுத் தீப்பெட்டிகளில் மனிதப் பற்கள் இருக்கின்றன என்று ரொட்டிக்கடைப் பெண் என்னிடம் சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவள் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னவர் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஆள். மேல் வரிசைப் பெட்டிகளில் கடைவாய்ப் பற்கள், கீழ் வரிசையில் முன்பற்கள், எல்லாம் நேட்கோவே அடித்து உதிர்த்தவையாம்.

"எதிர்வீட்லதான இருக்கீங்க? கண்ணால பாத்ததில்லையா?"

இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியபிறகு சங்கிலியையும் மாட்டிவிட்டேன்.

எங்கள் சுரங்க நகரம் பெர்னிக்கில் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் சண்டைக்கென்று ஆளுக்கொரு எல் ஆங்கிள் இரும்பைக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பதாக நாடு முழுக்கக் கேலி செய்வார்கள். நேட்கோ வீட்டில் அது உண்மையாகவே இருந்தது. பதினேழு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் தலைநகர் சோஃபியாவில் இரவு விடுதி வாசல்களில் ஆட்களைத் தூக்கி வெளியே எறிகிற வேலை. அறுபத்தொரு வயதில் அவர் வலது கையில் இரண்டு முட்டிகள் உள்ளே அமுங்கிக் கிடந்தன. "இது ஒரு டாக்ஸிக்காரன். இது ஒரு பல் டாக்டர், பாவம்" என்று விரலைக் காட்டிச் சொல்வார். அதில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன் பேத்தி லோராவின் பிறந்தநாளன்று மருமகனை அடித்தார். ஏதோ கார் நிறுத்துகிற இடத்தைப் பற்றிய பேச்சு. மூக்கு உடைந்து, ரத்தம் கேக்கின் மேல் கொட்டியது. ஐந்து வயதுக் குழந்தை நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. மகள் வியாரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ப்லோவ்திவ் நகரத்துக்குப் போனவள், இரண்டு வருடம் அப்பாவின் குரலைக் கேட்கவில்லை.

பிறகு ஒரு நிபந்தனையோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அழைப்பாள். "அப்பா, இந்த வாரம் கை நீட்டினீங்களா?" அவ்வளவுதான் கேள்வி. ஒரு வருடம் முழுக்க 'இல்லை' வந்தால் லோராவை இலையுதிர்கால விடுமுறைக்கு அனுப்பி வைப்பாள். ஒரு தடவை 'ஆமாம்' வந்தாலும் அதோடு சரி, இனிமேல் போனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவர் வாய் வார்த்தையை அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. போலீஸ் கேட்டபோதும் நீதிபதி கேட்டபோதும் "அடிச்சேன்" என்று மட்டுமே சொன்ன மனுஷன் அவர்.

முதல் மாதமே சமையலறைக் கதவில் ஒரு குத்து விட்டு ஓட்டை போட்டார். அவர் மனைவி இஸ்க்ரா அந்த ஓட்டை வழியாகவே அவரைப் பார்த்துப் பேசியதாக என்னிடம் சொன்னாள்: "இந்தக் கைக்கு வீட்லயே ஒரு வேல குடுய்யா. இல்லன்னா அது வேல தேடிக்கிட்டு வெளிய போகும்."

மார்ச் முதல் தேதி எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளைக் கயிறுகளை இஸ்க்ரா இலையுதிர் காலத்திலேயே திரிக்க ஆரம்பித்துவிடுவாள். பாசிமணி, நூல்கண்டு, குஞ்சம், சின்னச் சின்ன மரப் பொம்மைகள் எல்லாம் பாலித்தீன் பைகளில் கட்டிலுக்கு அடியில் குழம்பிக் கிடந்தன. நேட்கோ அதில் கை வைத்தார்.

அடங்குவதற்கு அவர் பிடித்த வழியிலும் அடிதான் இருந்தது. பாலாடைக்கட்டி டின்னைத் தகரக் கத்திரியால் கிழித்து, விளிம்பைச் சுத்தியலால் மடக்கி, நூல்கண்டு நிற்கும் தட்டாக்குவார். அந்தச் சுத்தியல் அடியில் என் வீட்டுக் கோப்பைகள் நடுங்கும். பால் அட்டைகளைக் கழுவிக் கழுத்தை வெட்டி நிறவாரியாக அடுக்கினார். முட்டை அட்டைக் குழிகளில் குஞ்சங்கள். முப்பத்தாறு தீப்பெட்டிகளை மைதாப் பசையால் ஒட்டிச் சட்டைப் பித்தான்களைக் கைப்பிடியாகத் தைத்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மேல் வரிசைப் பெட்டியொன்றை இழுத்துக் காட்டினார். வெள்ளைப் பாசிகள்.

"பல்லுன்னு பேசிக்கிறாங்களாமே?"

"அப்படித்தான் கேள்வி."

"பேசட்டும் தம்பி. பயந்துக்கிட்டு ஒருத்தனும் வம்புக்கு வரமாட்டான். எனக்கு அது போதும்."

பக்கத்தில் இன்னொரு சின்ன அலமாரி இருந்தது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டிகளில் செய்து மஞ்சள் தாள் ஒட்டியது. அது லோராவுக்கு.

ஆகஸ்டில் ஜாடிகள் வந்தன. குப்பைத் தொட்டிக்கு வெளியே, சுவரோரமாக, ஒழுங்காக அடுக்கி வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இதை எங்கள் கட்டடத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி முப்பத்திரண்டு கண்ணாடி ஜாடிகள் மூடியோடு நின்றன. நேட்கோ அத்தனையையும் தூக்கி வந்தார். கதவுக்குப் பின்னாலிருந்த ஆங்கிள் இரும்பை அறுத்துச் சுவரில் பொருத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டார். பலகையின் அடிப்பக்கம் மூடிகளை வரிசையாக வைத்து, மூடிக்கு இரண்டு ஆணி அறைந்தார். ஜாடியில் மணியை நிரப்பி மூடியோடு திருகினால் தலைகீழாகத் தொங்கும், வேண்டும்போது ஒரு திருகில் கையோடு வந்துவிடும். சிவப்பு, வெள்ளை, நீலத் திருஷ்டி மணி என்று சன்னல் வெயிலில் அவை தொங்கியது பார்க்க நன்றாக இருந்தது.

அவை நாலாம் மாடி யான்கோவினுடையவை. பாதாள அறையைச் சுத்தம் செய்தவன், தள்ளுவண்டி எடுத்துவரப் போன கால் மணி நேரத்துக்குச் சுவரோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அக்டோபரில், சுட்டுக் குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைத்து வைக்க நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய் வந்து இறங்கியபோதுதான், எந்த வீட்டில் தன் ஜாடிகள் தொங்குகின்றன என்று யாரோ அவனுக்குச் சொன்னார்கள்.

வியாரா கேட்ட வருடம் முடிய இன்னும் மூன்று ஞாயிறுகள் பாக்கி. அன்றும் ஞாயிறு. கீழே முற்றத்தில் தகரத்தின் மேல் மிளகாய் கருகுகிற வாசனை மாடிப்படி முழுக்க ஏறியிருந்தது. யான்கோ தீயைக் கிளறுகிற இரும்புக் கம்பியோடு வந்தான். கதவு உதைபடும் சத்தம் கேட்டு நான் என் கதவைத் திறந்தேன், சங்கிலி அளவுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரனான என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கிற மாதம் அது. போலீஸ் வந்தால் முதலில் யாருடைய காகிதங்களைக் கேட்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

"என் ஜாடியெல்லாம் தலைகீழாத் தொங்கவிட்டிருக்கியே, அதென்ன வவ்வாலா?"

"தொட்டிக்கு வெளிய இருந்துச்சு யான்கோ. இப்ப எடுத்துக்க. மூடிதான் ஆணி அடிச்சதுல போச்சு. நாளைக்கே புது மூடி வாங்கித் தந்துடறேன்."

"மிளகா இன்னைக்குக் கருகுதுடா! நாளைக்கு மூடிய வாங்கி உன் வாயில போட்டுக்க!"

"அவரு தப்புன்னு ஒத்துக்கிறாரே, அப்புறம் என்ன?" என்றாள் இஸ்க்ரா.

"நீ சும்மா இரு. ஒரு காலத்துல இவன் வந்தா தெருவே ஒதுங்கும். இப்பப் பாரு, பொண்டாட்டிக்குப் பாசி பொறுக்கிக் குடுக்கிறான்."

நேட்கோ இரண்டு கைகளையும் அக்குளுக்குள் திணித்துக்கொண்டார். யான்கோ கம்பியை வீசினான். முதல் வரிசையில் நாலைந்து ஜாடிகள் ஒன்றாக வெடித்தன. மணிகள் தரையெங்கும் தெறித்து, என் வாசல் வரை உருண்டு வந்தன. அடுத்த வீச்சு. அதற்கடுத்தது. ஒரு கண்ணாடிச் சில்லு இஸ்க்ராவின் கன்னத்தைக் கீறியது.

"வெளிய போ" என்றார் நேட்கோ. குரல் சிறுத்திருந்தது.

"அடி பாப்போம். எங்க உன் ஆங்கிளு? பலகைக்கு முட்டுக் குடுத்துட்டியா?"

கம்பி நேட்கோவின் காதோடு சேர்த்து இறங்கியது. காது கிழிந்து கழுத்தில் ரத்தம் ஓடியது. அவர் அசையவில்லை. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது விலாவில்; அவருக்கு மூச்சு நின்று திரும்பியது. கைகள் அக்குளை விட்டு வரவில்லை. "அடிச்சுக்க. இன்னும் ரெண்டு அடிச்சுக்கிட்டுப் போயிடு" என்றார். கெஞ்சல்தான். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

யான்கோவுக்கு அடிக்க அலுத்ததோ என்னவோ, சுற்றுமுற்றும் பார்த்தான். மஞ்சள் அலமாரி கண்ணில் பட்டது. கம்பியால் அதைத் தரையில் தள்ளி, பூட்ஸ் காலைத் தூக்கி மிதித்தான். மாத்திரைப் பெட்டிகள் நசுங்குகிற சத்தம் சின்னதுதான்.

நேட்கோவின் வலது கை வெளியே வந்தது.

ஒரே அடி. ஈரக்கட்டையைப் பிளந்ததுபோல ஒரு சத்தம். யான்கோவின் தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, அவன் மல்லாந்து கண்ணாடிச் சில்லுகளின் மேல் விழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கயிறாக இறங்கின. எழப் பார்த்தான், மணிகள் வழுக்கி மறுபடி விழுந்தான். நேட்கோ இன்னொரு அடிக்கு ஓங்கிய கையை இஸ்க்ரா தன் முழு உடம்பாலும் பிடித்துத் தொங்கினாள்.

சத்தம் கேட்டு யான்கோவின் மனைவி ஸ்னேஷா ஏறி வந்தாள். முழங்கை வரை மிளகாய்ச் சிவப்பு. கம்பியைப் பார்த்தாள், உடைந்த ஜாடிகளைப் பார்த்தாள், புருஷனை நிதானமாகப் பார்த்தாள்.

"ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டாரு" என்றாள். "ஜாடி எடுக்க ஏறினாரு. வழுக்கிடுச்சு. ஆஸ்பத்திரில நான் அப்படித்தான் சொல்லப்போறேன்."

கோணிய வாயோடு யான்கோ ஏதோ உறுமினான்.

"நானும் அந்த ஸ்டூல்ல இருந்து ரெண்டு தடவ விழுந்திருக்கேன். ஆஸ்பத்திரில எழுதி வச்சிருக்காங்க. நீங்களும் ஒரு தடவ விழுந்து பாருங்க."

இரண்டு தடவை அவள் முகம் வீங்கி லிஃப்டில் நின்றதை நானும் பார்த்திருந்தேன். அப்போதும் ஸ்டூல் என்றுதான் சொன்னாள். யான்கோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

நான் சங்கிலியைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தோடு உள்ளே போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. இஸ்க்ரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம்.

"கேளுய்யா. வெளிய யாருக்கும் தெரியப்போறதில்ல. அவங்களே விழுந்ததாச் சொல்றாங்க. நீ 'இல்ல'ன்னு சொல்லு. ஒரே வார்த்த."

"நான் அடிச்சேன்."

"அவன் உன்ன எத்தன அடிச்சான்!"

"அவ அதக் கேக்கமாட்டா. நான் கை நீட்டினேனான்னுதான் கேப்பா." நேட்கோ நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மேசைமேல் வைத்தார். இன்னொரு முட்டி அமுங்கி வீங்கத் தொடங்கியிருந்தது. "என் வாய நம்பித்தான் பிள்ளைய அனுப்புறேன்னு சொன்னா."

"அனுப்பறதுக்காகத்தான் சொல்லச் சொல்றேன்! மூணு வருஷம் ஆச்சு நான் அந்தக் குழந்தையத் தூக்கி!"

நேட்கோ என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ என்ன பாத்த?"

"நான் எதையும் பாக்கல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உனக்கு எவ்வளவு லேசா வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்க்ரா துணியை நனைத்து வைத்து அழுத்தினாள். அவள் கன்னத்தில் வழிவதை அவள் துடைக்கவில்லை.

மேசைமேல் போன் அடித்தது. திரையில் வியாராவின் பெயர். நேட்கோ இடது கையைக் கொண்டுபோய்ப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார், எடுக்கவில்லை.

"இல்லன்னு சொல்லு" என்றாள் இஸ்க்ரா, மிக மெதுவாக. "உன் கால்ல விழறேன்."

மணி நின்றது. மறுபடி அடிக்கத் தொடங்கியது. உடைந்த சில்லுகளுக்கும் மணிகளுக்கும் நடுவே நான் துடைப்பத்தோடு நின்றேன். அவர் உதடுகள் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தன. எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.