தக்காளி மணிக்கூடு

தியானம் என்றதும் எனக்கு நினைவு வருவது தக்காளி வடிவிலான ஒரு சமையலறை மணிக்கூடு. முறுக்கிவிட்டால் இருபது நிமிடமும் டிக் டிக் என்று அடித்து, முடிவில் கிர்ரென்று கத்தும். அண்ணாவைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியின் பீலெஃபெல்டுக்கு வந்த மச்சாள், இடியப்பம் அவிக்க நேரம் பார்ப்பதற்கென்று வாங்கியது.

ஆனால் தியானத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகங்கள், செயலிகள், அதற்கென்றே ஒரு சாம்பல் நிற மெத்தை, எல்லாம் என்னிடம் இருந்தன. ஒவ்வொரு நாளும் அமர்ந்து எழுந்ததும் குறிப்பேட்டில், பரீட்சைக்குப் போடுவதுபோல, எனக்கு நானே புள்ளி போடுவேன். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் மிகச் சிறந்த புள்ளி. எங்கள் ஆட்கள் "ஒண்டோ, ரெண்டோ?" என்று கேட்காமல் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணிகூடத் தரமாட்டார்கள். அப்படி வளர்ந்தவள் நான். மனம் அமைதியாக இருந்தால் ஒன்று. கோபமோ அழுகையோ எட்டிப்பார்த்தால் நான்கு.

ஜெர்மன் பேசிப் பழகட்டும் என்று மச்சாளை, நான் போய்வந்த செவ்வாய்க்கிழமைத் தியான வகுப்புக்குக் கூட்டிப்போனதும் நான்தான். தியானம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக இருந்து, உள்ளே என்ன வந்தது என்று சொல்ல வேண்டும். நான் வழக்கம்போல "அமைதி" என்றேன், அது பொய் என்று தெரிந்தே. ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். மச்சாள் சொன்னதை, என் அம்மா மீதான கோபம் உட்பட, நான் மொழிபெயர்த்தேன்: "பசி வந்தது. பிறகு மாமியில கோவம். பிறகு அம்மான்ர நினைவு. கனநேரம் இருந்தது. நான் போகச் சொல்லேல்லை." ஆசிரியையின் கண்கள் கலங்கின. மூன்று மாதமாக நான் காத்திருந்த பார்வை அது. மச்சாளுக்கு முதல் நாளே கிடைத்தது.

அன்றிலிருந்து எரிந்தேன். வீட்டில் சேர்ந்து அமரும்போது, நேரம் பார்க்க மச்சாள் முறுக்கி வைக்கும் தக்காளியைக் குறை சொன்னேன்.

"உது உப்பிடி அடிச்சா எப்பிடி மனம் அடங்கும்?"

"அது தன்ர வேலையைச் செய்யட்டும் மச்சாள். ஏன் கலைக்கிறீர்?"

அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். கண்ணைத் திறக்காமலே சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

சில மாதங்களில் ஆசிரியை, தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்டார். மச்சாளிடம். அந்தக் கேள்வி என்னிடம் வருமென்று எத்தனை தடவை மனதுக்குள் பதில் தயாரித்து வைத்திருந்தேன்! அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அன்று வட்டத்தில் என் முறை வந்தபோது "அமைதி" வாயில் வரவில்லை. மச்சாளைப் பார்த்துத் தமிழில், "பொறாமை" என்றேன்.

"ஓம், தெரியும். முதல் நாளே வகுப்பு முடிஞ்சு வரேக்க, பஸ்ஸில என்னைப் பாக்காமல் யன்னலைத்தானே பாத்துக்கொண்டு வந்தனீர்."

ஆசிரியைக்கு விளங்கவில்லை. மச்சாளே தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னார். அந்தப் பார்வை கடைசியில் எனக்கும் கிடைத்தது, அதுவும் மச்சாள் தயவில்.

இப்போது வியாழக்கிழமைகளில் மச்சாள் வகுப்பு எடுக்கிறார். நான் கடைசி வரிசை. போன வியாழன் என் முறை வந்தபோது சொன்னேன்: "பொறாமை வந்தது. ஆனா முந்தியைவிடக் குறைவு. ரெண்டு போடலாம்."

"ஐயோ, அதுக்கும் புள்ளியோ!" என்று மச்சாள் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த இருபது நிமிடத்துக்குத் தக்காளியை மறுபடி முறுக்கி வைத்தார். அது தன் வேலையைத் தொடங்கியது. என் பொறாமையும் தொடங்கியது. நான் கலைக்கவில்லை.