உறவுமுறை: மகன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது பட்டப்பகலில், என் சித்தப்பா மகனுக்கு. நேரத்தை எல்லாம் அவனிடம் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

கல்லூரியில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘படிவம்’. தேர்வுத்தாளைத் தவிர எந்தத் தாளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுப்பான். அன்று சித்தப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. காலை 9.05-க்கு அவருடைய சேர்க்கைப் படிவத்தை அவனே எழுதினான். நோயாளியின் பெயர், வயது, உடன் வந்தவர், உறவுமுறை. கடைசிக் கட்டத்தில் ‘மகன்’. அவரை மாடியில் அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். சித்தி இறந்தபிறகு அவனுக்கு இருக்கும் ஒரே ஆள் அவர்தான். கீழ்க்கூடத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

11.10. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். எப்போது வந்தாரோ, தெரியவில்லை.

“தம்பி, கை நடுங்குது. இதக் கொஞ்சம் எழுதித் தர்றியா?” மூக்கடைத்த குரல்.

“குடுங்க தாத்தா. நமக்கு அதான் தொழிலே.”

தாள் சில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி.

“என்ன நோய்னு ஒரு கட்டமே காணோமே?”

“இனிமே அது எதுக்குப்பா?”

உடன் வந்தவர்?

“யாருமில்ல. உன் பேரப் போட்டுக்கோயேன். ஆள் இல்லன்னா விடமாட்டேங்கிறாங்க.”

பாவமாக இருந்தது. பெயரைப் போட்டான். கைபேசி எண்ணையும் போட்டான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“மகன்னே போடு. மேல இருக்கற உங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரு.”

அப்பா மேலே இருப்பதை அவன் சொல்லவே இல்லை...

ஆனால் கை, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது.

நிமிர்ந்தான். நாற்காலி காலி. தாளையும் காணோம்.

11.47. கைபேசி அடித்தது.

“பிணவறையிலேர்ந்து பேசறேன். மகன்தானே? வந்து உடம்ப வாங்கிக்கங்க.”

அப்பா...!

படிகளில் விழுந்தடித்து ஓடினான். ஊழியர் இழுப்பறையை இழுத்தார். கிர்ர்ர்ர்...

அப்பா இல்லை.

அந்தப் பெரியவர். மூக்கில் பஞ்சு.

“பதினோரு நாளா கேக்க நாதியில்ல. நல்லவேளை, நீ வந்த,” என்றார் ஊழியர்.

மார்பின் மேல் ஒரு தாள். அவன் கையெழுத்து.

மாலை 6.20. சித்தப்பா பிழைத்துவிட்டார். கண் திறந்தார்.

“அப்பா...”

“யாருப்பா நீ?”

மயக்க மருந்தின் வேலை என்றார் நர்ஸ். மூன்று வாரம் ஆகிறது. சித்தப்பாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. என் பெயர், சித்தியின் பிறந்தநாள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஏணி உட்பட. மகனைப் பற்றி நானே கேட்டுப் பார்த்தேன்.

“எனக்கு ஏதுடா புள்ள? கிண்டலா?” என்றார்.

மருத்துவமனையில் அந்தச் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு கட்டங்களும் காலி. அழித்த தடம்கூட இல்லை.

அவன் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். தினமும் 11.47-க்குக் கைபேசி அடிக்கிறது. அவன் எடுப்பதில்லை.

இன்று அடிக்கவில்லை.

11.48-க்கு நாங்கள் இருவரும் இருந்த அறைக்குள் என் அம்மா எட்டிப் பார்த்தாள். அவனை இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவள்.

“டேய், உன் இந்த ஃப்ரெண்டோட அப்பா வாசல்ல நிக்கிறாரு. கூட்டிட்டுப் போக வந்தாராம்.”

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பாவம்... பயங்கர மூக்கடைப்பு போல.”