ஃபில்டர் பேப்பரில் தங்கிய நார்

மும்பை செம்பூரில் ஓர் உணவுப் பரிசோதனை லேபில் இருபத்தொன்பது வருடம் அனலிஸ்டாக இருந்தேன். கால் வீங்கியது, கண் பவர் ஏறியது, மற்றபடி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தபோதுதான் மைதீன் பாய் என் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

தாராவிக்காரர், பூர்வீகம் தென்காசிப் பக்கம். ஜூஸ் கடைகளில் பிழிந்து போடும் சாத்துக்குடித் தோலை வாங்கி, அலசி, மாடியில் காயவைத்து நார்ச்சத்துப் பொடியாக அரைப்பவர். ஒரு கேப்சூல் கம்பெனி அவருடைய பொடியையும், இன்னொருவரின் இறால் ஓட்டிலிருந்து எடுத்த நாரையும் எங்களிடம் அனுப்பியிருந்தது. எதில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் குணம் அதிகமோ அவருக்கு ஆர்டர். பாயின் பொடிக்கு நான் ‘குறைவு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

“யக்கா, என்ன டெஸ்ட் பண்ணுனிய? கொஞ்சம் சொல்லுங்க” என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் சொன்னேன். பொடியை மெத்தனாலில் ஊறவைத்துக் குலுக்கி ஃபில்டர் பண்ணுவோம். வடிந்த மெத்தனாலை டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் விடுவோம். ஊதா வெளுத்தால் குணம் இருக்கிறது. இறால் நார் ஆசிட்டில் முழுசாகக் கரைந்துவிடும், அதனால் அதை ஃபில்டர் பண்ணாமல் அப்படியே ஊதாவில் விட்டோம்.

“எம் பொடி கரையாதே. அப்ப ஃபில்டர்ல நின்ன நாரு எங்க?”

“அது... குப்பையில போட்டுருவோம் பாய்.”

“மூணு தடவ வெந்நீல அலசி, கசப்பெல்லாம் எடுத்து, சுத்த நாரா கொண்டாந்தேன். அதத் தூரப் போட்டுட்டு தண்ணியப் பாத்தேன்னு சொல்லுதிய!”

சத்தம்கூடப் போடவில்லை அவர். எனக்கு முகம் சுட்டது. நார்ச்சத்தைச் சோதிக்கிறேன் என்று நாரையே எறிந்திருக்கிறேன். அலசினாலும் போகாத சத்து நாரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாததும் அல்ல. மெத்தட் ஷீட்டில் ‘ஃபில்டர்’ என்று இருந்தது, செய்தேன். அவ்வளவுதான்.

லஞ்ச் டைமில் டப்பாவைத் திறக்காமல் மறுபடி செய்தேன். இந்த முறை இரண்டு பொடியையும் நேராகவே ஊதாவில் போட்டுக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி நாரை அடியில் படியவைத்தேன். இறால் நார் டியூபில் ஊதா கொஞ்சம்தான் குறைந்தது. சாத்துக்குடி டியூப் வெளிர்மஞ்சளாகிவிட்டது. தோலின் சொந்த நிறமோ என்று வெறும் மெத்தனாலிலும் பொடியைப் போட்டுப் பார்த்தேன். அதில் நிறமே இறங்கவில்லை. ஊதாவை வெளுத்தது நார்தான்.

மேனேஜர் மாட்டுங்காக்காரர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “வசந்தா, ரிப்போர்ட் போயாச்சு. இனிமே மாத்தினா ஆடிட்ல கேப்பா. உனக்கு எதுக்கு இந்தக் கடைசி நேரத்துல?”

“தப்பு என்னோடது சார். என் பேர்லயே போட்டுக்கறேன்.”

திருத்திய ரிப்போர்ட்டில் ‘முதல் சோதனையில் அனலிஸ்ட் நாரை நீக்கிவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கம்பெனிக்கு அனுப்பினேன். ஆர்டர் ஏற்கெனவே இறால் ஓட்டுக்காரருக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

பாயிடம் ஒரு காப்பி கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“போனது போவட்டும்க்கா. எனக்கு முன்னால எத்தன பேருக்கு இப்பிடி எழுதிக் குடுத்திய?”

சாயங்காலம் பழைய ரெஜிஸ்டர்களை எடுத்துப் புரட்டினேன். கோதுமைத் தவிடு, வெந்தயத் தோல், கொண்டைக்கடலைத் தோல். எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தில் ‘குறைவு’. அந்தச் சரக்குக்காரர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்டதில்லை. அதனாலேயே என் வேலை சுத்தம் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். புகார் வரவில்லை என்றால் வேலை சரி என்று அர்த்தமில்லை. நாம் எழுதியதை நம்பி, தன் சரக்குதான் மட்டம் என்று பேசாமல் போனவர்கள்தான் அதிகம்.