இஸ்திரி கழற்றிய நட்டு

என் அக்காவின் கணவருக்கு எங்கள் பம்பு நிலையத்தில் இஸ்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே போர்மேன் சார், முதுகுக்குப் பின்னால் இஸ்திரி. ஊருக்குள் தேங்கும் மழைத்தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ளுகிற நிலையம் அது. ஆறு பெரிய டீசல் என்ஜின்கள். தரையெல்லாம் எண்ணெய். அங்கே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவரின் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, பொட்டுக் கறைகூட விழவில்லை என்றால் அதற்கென்று ஒரு திறமை வேண்டும். அந்த ஒன்றைத் தவிர வேறு திறமை அவரிடம் இல்லை என்பதைப் பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அங்கே நான் ஃபிட்டர்.

ஸ்டோரில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் என்ஜின் பக்கம் போவதில்லை, ரிஜிஸ்டரைத்தான் புரட்டுவார்கள். ரிஜிஸ்டர் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்ததால் மாமாவைப் போர்மேன் ஆக்கிவிட்டார்கள். ‘வால்வு இடைவெளியும் இன்ஜெக்டரும் சரிசெய்யப்பட்டன’ என்று அவர் எழுதிய நாட்களில் பாதி நாள் என்ஜின் மேல்மூடியை யாரும் திறந்ததேயில்லை. மீதி நாட்களில் திறந்தது நான்.

வீட்டில் கதை வேறு. விருந்தாளி யார் வந்தாலும் சோபாவில் உட்கார வைத்து, என்ஜின் எப்படி மூச்சு வாங்கும், எப்படி விடும் என்று விரலை நீட்டிப் பாடம் நடத்துவார். அக்கா கண் கொட்டாமல் கேட்பாள். என்னிடம், “நீயும் கேட்டுக்கடி, உனக்கு உதவும்” என்பாள்.

போன வருஷம் புதிதாக ஓர் இன்ஜினியரம்மா வந்தார். ரிஜிஸ்டரைப் படித்துச் சொக்கிப்போய், மற்ற மூன்று நிலையங்களின் ஃபிட்டர்களையும் திங்கட்கிழமை வரவழைக்கிறேன், நாலாம் நம்பர் என்ஜினில் வால்வு சரிசெய்வதைப் போர்மேனே தன் கையால் செய்து காட்டட்டும் என்று சொல்லிவிட்டார். மாமா, “அதுக்கென்ன மேடம்” என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

“அவருக்கு நாலு நாளா தூக்கமே இல்ல. நீ இன்னைக்கே போய் எல்லாத்தையும் சரி பண்ணி வச்சுடு. நாளைக்கு அவரு சும்மா தொட்டுக் காட்டிட்டு மூடிடுவாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. கிளம்பினேன்.

ஆறு சிலிண்டருக்கும் நாலு மணி நேரம் ஆனது. என்ஜினைக் கடப்பாரை போட்டுக் கையால் உருட்டி, பக்கவாட்டுச் சக்கரத்தில் வெட்டியிருக்கும் குறிக்குக் கொண்டுவர வேண்டும். வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே இடைவெளித் தகட்டை விட்டால், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகாமல், லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். சரியாக வந்ததும் திருகைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குத் தனி அளவு. இதில் ஒரு சங்கதி உண்டு. அதே குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை வால்வு மூடியிருக்கும், அப்போதுதான் அளக்கலாம். இன்னொரு தடவை திறந்து கிடக்கும்.

சரியான குறியில் என்ஜினை நிறுத்தி வைத்தேன். மாமா சாயங்காலம் வந்து, மூக்கில் கைக்குட்டையோடு எட்ட நின்றார்.

“மூடியைத் திறங்க, ஒண்ணாம் சிலிண்டர்ல தகட்டை விட்டுக் காட்டுங்க, மூடுங்க” என்றேன். “என்ஜினை உருட்டாதீங்க மாமா. நட்டைத் தொடாதீங்க.”

“எனக்கே பாடமா?” என்றார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் சுற்றி நின்றதும் அவருக்குள் அந்தச் சோபா வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். முதலில் என்ஜினை எப்படி உருட்டுவது என்று பாருங்கள் என்றார். இரண்டு பேரை விட்டு ஒரு முழுச் சுற்று உருட்ட வைத்தார். குறி அழகாக வந்து நின்றது. அவர் தகட்டை நீட்டினார். போகவில்லை. எப்படிப் போகும்? அது திறந்த வால்வு.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டாள் என்று உண்மையிலேயே நினைத்துவிட்டார். ஸ்பானரை எடுத்து நட்டைக் கழற்றி, தகடு போகிற வரை திருகைத் தளர்த்தினார். அடுத்து இன்ஜெக்டருக்குக் கை போனது. அங்கே இறுக்கியிருந்தால் உள்ளே தள்ளுகம்பி வளைந்திருக்கும்.

“இன்ஜெக்டரைத் தொடாதீங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். நேரமாகிவிட்டதாகச் சொல்லி மூடியைப் போடச் சொன்னார். என்ஜினை ஓட விட்டோம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். வெள்ளைப் புகை வேறு. வந்திருந்த ஃபிட்டர்கள் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்கள்.

இன்ஜினியரம்மா என்ஜினை நிறுத்தச் சொன்னார். என்ன இது என்று கேட்டார். மாமா கண்ணிமைக்காமல், “நேத்து இதை யாரோ தொட்டிருக்காங்க மேடம்” என்றார்.

“நான்தான் தொட்டேன்” என்றேன். “நேத்து வச்ச அளவையும் இன்னைக்கு வச்ச அளவையும் நீங்களே பாருங்க.”

இன்ஜினியரம்மா பார்த்தார். நான் உருட்டிக் கொடுக்க, ஒவ்வொரு சிலிண்டராகத் தகட்டை விட்டார். மற்ற ஐந்திலும் தகடு சரியாகப் பிடித்தது. ஒன்றாவதில் பென்சிலே போகும் போலிருந்தது.

“ஞாயித்துக்கிழமை உங்கள யாரு வரச் சொன்னது?” என்று என்னிடம் கேட்டார்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அக்கா” என்றேன்.

இன்ஜினியரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார், புரிந்தது. அந்த ஒன்றாம் சிலிண்டரைப் பன்னிரண்டு பேருக்கும் நானே செய்து காட்டினேன். மாமா எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அவர் எழுதிய பொய்கள் பத்து வருஷம் நின்றன என்றால், அவற்றில் பாதிக்கு முட்டுக் கொடுத்தது என் கைதானே? அவரைக் கேவலமாகப் பேசிய அதே வாயால் ஒரு நாளும் மேலே போய்ச் சொன்னதில்லை.

அவருக்கு வேலை போகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் போகாது. தலைமை அலுவலகத்தில் எல்லா நிலையங்களின் ரிஜிஸ்டரையும் பார்க்கிற நாற்காலி கிடைத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே. சொந்தக்காரர்களிடம் பதவி உயர்வு என்று சொல்லிக்கொண்டார்.

அக்கா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. எட்டாவது மாதம் போன் செய்தாள். “உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே அவரப் பிடிக்காது” என்றாள்.

“ஆமா.”

பிறகு, வீட்டுத் தண்ணீர் மோட்டார் இரண்டு நாளாக உறுமுகிறது, அவரைக் கிட்டே விடவில்லை, வந்து பார்க்கிறாயா என்று கேட்டாள்.

போனேன். மோட்டாரைக் கழற்றினேன். மாமா மூன்றடி தள்ளி நின்று, எந்த நட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் என் பாட்டுக்கு ஸ்பானரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்காதான் உள்ளேயிருந்து, “நீங்க கொஞ்சம் இங்க வாங்க” என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள்.