நின்றுபோன வாகனம்

ரூ பெர்தொனே தெருவின் தமிழ்த் தேநீர்க் கடையில் ஞாயிறுதோறும் அவரைக் காண்பேன். நரைத்த தாடி, குளிரங்கியைக் கழற்றவே மாட்டார். கைபேசி வரைபடத்தில் வட அவுஸ்திரேலியாவின் ஆளில்லாப் புல்வெளிப் பாதையைப் பெருவிரலால் நகர்த்தி, பெற்றோல் எங்கே, தண்ணீர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

"உல்லாசப் பயணமோ அண்ணை?" என்றேன் ஒருநாள்.

"என்ரை தம்பி அந்த றோட்டிலைதான் செத்தவன். கார் பழுதாப்போக இறங்கி நடந்திட்டான். தண்ணி காருக்கை கிடந்தது."

"ஏன் இறங்கினவர்?"

"வன்னியிலை சண்டை நேரம் வாகனம் நிண்டால் செல்குண்டு விழமுதல் இறங்கி ஓடுவமெல்லே. அந்த றோட்டிலை வாகனத்தோடை நிண்டாத்தான் தப்பலாம்."

"நீங்கள் போய் என்ன செய்வியள்?"

"அதே இடத்திலை காரை நிப்பாட்டிப்போட்டு, பொழுதுபடுமட்டும் உள்ளுக்கை இருப்பன்."

பிறகு அவரைக் காணவில்லை.

நேற்று, கார் து நோர் ரயில் நிலையத்துக்குச் சற்று முன்னால் சுரங்கத்தில் ரயில் நின்றது. எல்லோரும் இருக்கையிலேயே இருந்தார்கள். வன்னியிலிருந்து வந்த நான் மட்டும் எழுந்துபோய்க் கதவடியில் நின்றேன்.